சர்ப்பகந்தாவும் டாக்டர் ருஸ்தம் வக்கீலும்

(இளங்கலைத் தாவரவியல் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், அச்சரப்பாக்கம்)

பெனிசிலின் என்றவுடன் பிளெமிங்கும், அம்மைப்பால் என்றவுடன் ஜென்னரும் நம் நினைவுக்கு வருகின்றனர். மருந்தைக் கண்டவர்களை உலகம் மறப்பதில்லை. ஆனால், மருந்து என்று சொல்லப்படும் ஒரு வேரோ இலையோ மெய்யாகவே நோயைத் தணிக்கிறதா என்று நோயாளிகளிடம் பொறுமையுடன் சோதித்து, அளந்து, கணக்கெழுதி வைத்தவர்களை நாம் அவ்வளவாக அறிவதில்லை. அவ்வாறு செய்த ஒருவர் நம் நாட்டிலேயே, பம்பாய் மாநகரில் வாழ்ந்தார். அவரே டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். இதயநோய் மருத்துவராகிய அவரைப் பற்றித் தாவரவியல் பயிலும் நான் எழுதத் துணிந்ததற்குக் காரணம், அவருடைய புகழுக்கு அடியாக நின்றது ஒரு செடியின் வேர் என்பதுதான். அந்த வேர் பக்கவாதத்தைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றைத் திறந்தது; நடுக்குவாதம் எங்கிருந்து வருகிறது என்பதையும் காட்டிக்கொடுத்தது. முதலாவது அவர் தேடிச் சென்ற வழி. இரண்டாவது எவரும் தேடாமல் வந்து சேர்ந்தது.

டாக்டர் வக்கீல் 1911-ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். பெயரைக் கண்டு அவரை வழக்கறிஞர் என்று எண்ணிவிட வேண்டாம். முன்னோர் செய்த தொழிலையே குடும்பப் பெயராகக் கொள்வது பார்சிகளின் வழக்கம். கிரிக்கெட் வீரர்கள் பரூக் எஞ்சினியரையும் நாரி கான்ட்ராக்டரையும் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. இளைஞர் ருஸ்தம் இலண்டனுக்குச் சென்று மருத்துவம் பயின்றார். உயர்பட்டங்கள் பெற்று, இரண்டாம் உலகப்போர் தொடங்குவதற்குச் சற்று முன்னர் தாயகம் திரும்பினார். பரேலில் 1926-இல் திறக்கப்பட்ட கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனை அவருடைய பணிக்களங்களுள் முதன்மையானதாயிற்று.

அக்காலத்தில் இரத்தக் கொதிப்புக்கு மருத்துவம் எந்த நிலையில் இருந்தது என்பதை இன்று நாம் கற்பனை செய்வதும் கடினம். படுத்து ஓய்வெடுக்கச் சொல்வார்கள். உப்பை விலக்கச் சொல்வார்கள். உறக்க மருந்து கொடுப்பார்கள். அமெரிக்காவில் வெறும் சோறும் பழமுமே உணவாகக் கொள்ளும் பத்தியம் ஒன்று இருந்தது. மிகக் கடுமையானவர்களுக்கு முதுகைக் கீறி நரம்புகளை வெட்டும் அறுவை செய்தார்கள். அழுத்தம் கூடியிருப்பது உடலுக்கு ஏதோ ஒரு வகையில் தேவையாக இருக்கலாம், அதைக் குறைக்கவே கூடாது என்று கருதிய பெரிய மருத்துவர்களும் இருந்தார்கள். ஏழை எளியவர்களுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்கக் கூடாது. உலகப்போரை நடத்திய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பல ஆண்டுகளாக இரத்தக் கொதிப்புடையவர். 1945 ஏப்ரல் 12 அன்று கடும் தலைவலி என்று சொன்னவர் சற்று நேரத்தில் நினைவிழந்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. அப்போது அளந்த அழுத்தம் 300-க்கு 190. அவரைச் சூழ நின்ற மருத்துவர்கள் கையில் அதைத் தணிக்க ஒன்றும் இல்லை.

அதுவும் பக்கவாதத்தின் ஒரு வகைதான். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டாலும் பக்கவாதம், வெடித்தாலும் பக்கவாதம். இரண்டுக்கும் தலையாய காரணம் உயர் இரத்த அழுத்தமே. சிவபெருமான் திரிபுரம் எரிக்கப் புறப்பட்டபோது அவருடைய தேரின் அச்சு இற்ற இடம் எங்கள் அச்சரப்பாக்கம் என்பது தலவரலாறு. நடந்துகொண்டிருந்த மனிதர் ஒரு பக்கம் கையும் காலும் சோர்ந்து விழும்போது எனக்கு அந்தத் தேர்தான் நினைவுக்கு வரும். சக்கரம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, அச்சு மட்டும் போய்விட்டது. கிராமங்களில் இதைக் காற்று என்றும் சேட்டை என்றும் சொல்லி, மந்திரிக்கவும் எண்ணெய் தேய்க்கவும் அழைத்துச் செல்வது இன்றும் உண்டு. அடைப்பினால் வந்த பக்கவாதமாயின், நாலரை மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இடமுண்டு. அந்த நேரம் மந்திரத்தில் போய்விடுகிறது. அதைவிடக் கொடுமை, தலைசுற்றல் இல்லையே, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று கொதிப்பு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவது. விழுந்த பிறகு செய்வதைவிட விழாமல் காப்பதே பெரிது. டாக்டர் வக்கீல் எடுத்துக்கொண்ட வேலை அதுதான்.

இனிச் செடியைப் பார்ப்போம். சர்ப்பகந்தா, நம் அலரியும் நித்திய கல்யாணியும் சேர்ந்த அதே குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி. சிவன் அமல்பொடி என்றும் மருந்து நூல்கள் கூறும். எங்கள் ஊர் வச்சிரகிரி போன்ற வறண்ட குன்றுகளில் இதைத் தேடிப் பயனில்லை; மழை மிகுந்த காடுகளின் நிழலில் வளர்வது. தாவரவியலில் இதன் பேரினத்துக்கு ராவுல்பியா என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவர் ராவுல்பின் நினைவாக வைத்தது. பாவம், அவர் இந்தியாவுக்கு வந்ததுமில்லை. இந்தச் செடியைக் கண்டதுமில்லை. பாம்புக் கடிக்கும், காய்ச்சலுக்கும், உறக்கமின்மைக்கும் இதன் வேரை வைத்தியர்கள் கொடுத்துவந்தனர். பீகார்ப் பக்கத்தில் பைத்தியத்துக்கான மருந்து என்றே இதற்குப் பெயர்.

1931-ஆம் ஆண்டை இச்செடியின் பொன்னாண்டு எனலாம். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு மருத்துவர்கள், இவ்வேர் மனநோயையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக எழுதினர். அதே ஆண்டில் தில்லித் திப்பியாக் கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இதிலிருந்து பல காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குத் தம் ஆதரவாளர் ஹக்கீம் அஜ்மல்கானின் பெயரைச் சூட்டி அஜ்மலின் என்றார். கல்கத்தாவில் ராம்நாத் சோப்ராவும் அவருடைய குழுவினரும் விலங்குகளிடம் ஆராய்ந்தனர். ஆக, வேர் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதை டாக்டர் வக்கீல் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இதை மறைப்பது அவருக்குப் பெருமை சேர்க்காது.

அப்படியானால் அவர் செய்ததென்ன? ஒரு மருந்து நல்லது என்று கேள்விப்படுவது வேறு, எத்தனை பேருக்கு, எவ்வளவு, எத்தனை நாளில், என்ன தீங்குடன் என்று தெரிந்துகொள்வது வேறு. இலண்டனில் பயின்று வந்தவர் நாட்டு வேரைத் தொடுவதா என்று அவர் நினைக்கவில்லை. நாட்டு வேர் என்பதாலேயே நல்லது என்றும் நினைக்கவில்லை. 1940-களில் ஏறத்தாழப் பத்து ஆண்டுக் காலம் தம்மிடம் வந்த நோயாளிகளுக்கு இவ்வேரின் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்துவந்தார். இறுதியில் காரணம் புலப்படாத இரத்தக் கொதிப்புடைய 50 நோயாளிகளைத் தேர்ந்து, உலர்ந்த வேரினால் ஆன மாத்திரைகளை நான்கு வாரம் கொடுத்து, மேல் அழுத்தத்தையும் கீழ் அழுத்தத்தையும் முன்னும் இடையிலும் பின்னும் அளந்து குறித்தார். ஐந்தில் நால்வருக்கு மேல் அழுத்தம் தணிந்தது. மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் அதன் பயன் நீடித்தது. தீங்கு என்று சொல்லத்தக்கவை அந்த அளவில் மிகக் குறைவாகவே இருந்தன. 1949-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இதய மருத்துவ ஏட்டில் இச்சோதனையை அவர் வெளியிட்டார். கட்டுரையின் தலைப்பிலேயே இது ஒரு மருந்துச் சோதனை என்று சொல்லியிருந்தார்.

வெளிநாட்டு ஏட்டில் வெளியிட்டது பற்றிச் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கல்கத்தா மருத்துவர்கள் 1931-லேயே எழுதியிருந்தும் கடல் கடந்து எவர் செவிக்கும் அது எட்டவில்லை. வக்கீலின் கட்டுரையோ பாஸ்டன் நகரத்து மருத்துவர் ராபர்ட் வில்கின்ஸின் கண்ணில் பட்டது. அவர் இந்தியாவிலிருந்து மாத்திரைகளை வரவழைத்துத் தம் நோயாளிகளிடம் சோதித்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா நிறுவனத்து வேதியியலாளர்கள் 1952-இல் வேரின் உயிர்ப்பொருளைப் பிரித்து அதற்கு ரெசர்பின் என்று பெயரிட்டனர். அமெரிக்க வேதியியலாளர் உட்வர்டு 1956-இல் அதை ஆய்வுக்கூடத்திலேயே முழுமையாக உருவாக்கிக் காட்டினார். நியூயார்க்கில் நேதன் கிளைன் 1954-இல் மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். எட்டே ஆண்டுகளில் பம்பாய் மருத்துவமனையின் வேர் மாத்திரை உலகெங்கும் மருந்துக் கடைகளில் இருந்தது. 1957-இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற லாஸ்கர் விருது வழங்கப்பட்டபோது, கிளைன் முதலானோருடன் வக்கீலின் பெயரும் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு நம் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது.

இந்த இடத்தில் நாம் ஒன்றை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். 1949-ஆம் ஆண்டுச் சோதனையில் ஒரு குறை இருந்தது. மருந்து கொடுத்த 50 பேருக்கு எதிரில், மருந்து கொடுக்காத ஒரு குழு இல்லை. மருத்துவமனைக்கு வந்து ஓய்வாக இருந்தாலே பலருக்கு அழுத்தம் குறையும். டாக்டரின் கனிவான பேச்சிலேயே குறையும். அப்படியிருக்கக் குறைத்தது வேரா, ஓய்வா என்று எவ்வாறு சொல்வது? இதற்கு விடையாகத்தான் குலுக்கல் முறை வந்தது. 1948-இல் இங்கிலாந்தில் பிராட்போர்டு ஹில் வகுத்துக் கொடுத்த முறைப்படி, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 55 பேருக்குக் கொடுத்து, கொடுக்காத 52 பேரோடு ஒப்பிட்டனர். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை மருத்துவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலே தீர்மானித்தது. பம்பாயில் வக்கீல் தம் சோதனையை முடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்த முறை உலகுக்கே அறிமுகமாகிக்கொண்டிருந்தது. ஆதலால் அவரைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் குறை குறைதான்.

ஒப்பீடு இல்லாவிடில் என்ன ஆகும் என்பதற்குப் பக்கவாதத்திலும் நடுக்குவாதத்திலும் நல்ல சான்றுகள் உள்ளன. பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டாரே பயிற்சி கொடுத்தால் விரைவில் தேறுவார்களா என்று இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம் சோதித்தனர். முடிவு 2017-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற குழுவில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஆறு மாதத்தில் தம் காரியங்களைத் தாமே செய்யும் நிலையில் இருந்தனர். ஆகா என்று மகிழ்வதற்குள் மறுகுழுவைப் பார்த்தால் அங்கும் அதே அளவுதான்! மறுகுழு இல்லாதிருந்தால் அந்தப் பயிற்சித் திட்டத்தை நாடெங்கும் பரப்பியிருப்போம். நடுக்குவாதத்திலோ நிலைமை இன்னும் விந்தையானது. மருந்து கிடைத்திருக்கிறது என்ற நம்பிக்கையே மூளையில் டோபமினைச் சுரக்கச் செய்கிறது என்று 2001-இல் கனடாவில் வான்கூவர் நகர ஆய்வாளர்கள் படம்பிடித்தே காட்டினர். வெற்று மாத்திரை விழுங்கியவரின் கை உண்மையாகவே சற்று நேரம் நடுக்கம் குறைகிறது. பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. மருந்து வேலை செய்தது என்றும் சொல்ல முடியாது.

நடுக்குவாதம் என்று சொல்லிவிட்டேன். அது எப்படி இந்தக் கதைக்குள் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ரெசர்பின் பெருகிய 1950-களின் நடுவில் மருத்துவர்கள் சில தீங்குகளைக் கவனித்தனர். மூக்கடைப்பு சிறு தொல்லை. சிலருக்கு மனம் சோர்ந்துபோயிற்று. மனநோய்க்காக மிகுந்த அளவில் உட்கொண்டவர்களுள் சிலருக்கோ கை நடுங்கியது, முகம் உணர்ச்சியற்று இறுகியது, நடை குறுகியது. இது 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதத்தின் அச்சு அசலான தோற்றம். மருந்தை நிறுத்தினால் அது மறைந்தது.

சுவீடன் நாட்டு அர்விட் கார்ல்சன் இதை ஒரு திறவுகோலாகப் பிடித்துக்கொண்டார். நரம்பு நுனிகளில் டோபமின் முதலான பொருள்கள் சிறு பைகளில் சேமித்து வைக்கப்படுகின்றன. குதிரில் நெல் சேமிப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். ரெசர்பின் செய்வது, நெல்லைக் குதிருக்குள் போகவிடாமல் தடுப்பது. வெளியில் கிடக்கும் நெல் வீணாகிப் போகிறது. அழுத்தத்தைக் கூட்டும் நாரட்ரினலின் இவ்வாறு குறைவதால்தான் இரத்தக் கொதிப்பு தணிகிறது. அதே காரணத்தால் மூளையில் டோபமினும் குறைகிறது. கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அவை காதுகள் தொங்க அசைவற்றுக் கிடந்தன. பின்னர் லெவோடோபா என்னும் பொருளை ஊசியில் ஏற்றினார். அது உடலுக்குள் டோபமினாக மாறும் பொருள். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின. இது நடந்தது 1957-இல், வக்கீல் லாஸ்கர் விருது பெற்ற அதே ஆண்டில்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960-இல், நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் டோபமின் மிகக் குறைந்திருப்பதைக் காட்டினார். மறு ஆண்டு பிர்க்மாயருடன் சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டார். படுத்தவர் எழுந்து நடந்தனர், ஆனால் சில மணி நேரமே. அதைத் தொடர்ந்து வேறு சிலர் செய்த சோதனைகளில் பயன் தெரியவில்லை. அளவு போதவில்லை என்பதே காரணம். 1967-இல் அமெரிக்காவில் கிரேக்கரான காட்சியாஸ், அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போய் 16 பேரில் 8 பேருக்கு வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டார். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட சோதனையும் 1969-இல் வந்தது. இன்றளவும் நடுக்குவாதத்துக்கு அடிப்படை மருந்து அதுதான். கார்ல்சனுக்கு 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே நம் சென்னையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்து வேலிகளில் படர்ந்து, தொட்டால் அரிப்பெடுக்கும் பூனைக்காலிக் கொடியை அறியாதார் இல்லை. 1937-ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் அதன் விதையிலிருந்து லெவோடோபாவைத் தனியே பிரித்தெடுத்தனர். அது எதற்குப் பயன்படும் என்று அன்று உலகில் எவருக்கும் தெரியாது. காட்சியாஸின் சோதனைக்கு முழுதாக 30 ஆண்டுகள் முன்பே மருந்து நம் வேலியிலும், அதன் வேதியியல் சென்னையிலும் இருந்தது! இடையில் விடுபட்டது நோயாளியிடம் செய்யும் சோதனை ஒன்றுதான். 2004-இல் இலண்டனில் 8 நோயாளிகளிடம் பூனைக்காலி விதைப் பொடியை வழக்கமான மாத்திரையோடு ஒப்பிட்டு, மாத்திரையைவிட விரைவில் வேலை செய்வதாகக் கண்டனர். எட்டுப் பேர் என்பது மிகச் சிறு தொகை. ஆகையால் மருத்துவர் சொல்லாமல் எவரும் பூனைக்காலியை அரைத்து வீட்டுப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது. லெவோடோபாவின் அளவு சற்றுக் கூடினாலும் உடல் தானாகத் துள்ளும், மனம் பேதலிக்கும்.

மீண்டும் இரத்தக் கொதிப்புக்கு வருவோம். வக்கீல் விட்ட இடத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுத்துச் சென்றது அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவமனைகளில், எட்வர்டு பிரைஸ் தலைமையில் நடந்த சோதனை. என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே மிக அழகான பகுதி இதுதான். அழுத்தம் குறைகிறதா என்பதல்ல அவர்கள் கேட்ட கேள்வி. அழுத்தத்தைக் குறைத்தால் ஆள் பிழைக்கிறாரா, பக்கவாதம் குறைகிறதா என்பதே. ஒரு குழுவுக்கு மூன்று மருந்துகள். அவற்றுள் ஒன்று ரெசர்பின். மறு குழுவுக்கு அதே போன்ற வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சேர்ப்பதற்கு முன் ஒரு தேர்வு வேறு. ரிபோபிளேவின் என்னும் வைட்டமின் கலந்த மாத்திரையைக் கொடுத்தனுப்புவார்கள். ஒழுங்காக விழுங்கியவரின் சிறுநீர் தனி விளக்கில் ஒளிரும். ஒளிராதவர் சொல்லியபடி மாத்திரை உண்ணாதவர். அவருக்குச் சோதனையில் இடமில்லை.

கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை உள்ள 143 பேரின் முடிவு 1967-இல் வந்தது. வெற்று மாத்திரை உண்ட 70 பேரில் 27 பேருக்குக் கடும் விளைவுகள் நேர்ந்தன. மருந்து உண்ட 73 பேரில் இருவருக்குத்தான். இனியும் வெற்று மாத்திரை கொடுப்பது அறமாகாது என்று அப்பகுதியை உடனே நிறுத்திவிட்டனர். 90 முதல் 114 வரை உள்ள 380 பேரின் முடிவு 1970-இல் வந்தது. வெற்று மாத்திரைக் குழுவில் பக்கவாதம் 20 பேருக்கு. மருந்துக் குழுவில் 5 பேருக்கு. எந்தத் தொல்லையும் உணராத மனிதர் ஏன் நாள்தோறும் மாத்திரை விழுங்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. வெற்று மாத்திரை உண்ட அந்த 20 பேருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்கள் பெயரை எந்த நூலிலும் காண முடியாது.

டாக்டர் வக்கீல் இந்த முடிவைக் காணும் வரை வாழ்ந்திருந்தார். அதற்குள் அவர் வேறு பல பணிகளில் இறங்கியிருந்தார். மாரடைப்புக்கு முன் வரும் நெஞ்சுவலியை ஆராய்ந்து, 251 நோயாளிகளின் விவரத்தை 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். இந்திய மருத்துவர் சங்கத்தின் பொது மருத்துவப் பாடநூல் 1969-இல் முதன்முதலாக வெளிவந்தபோது அதன் பதிப்பாசிரியர் அவரே. அதுவரை நம் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர் எழுதிய நூல்களையே நம்பியிருந்தனர். அவற்றில் பனிநாட்டு நோய்கள் விரிவாகவும், நம் ஊர் நோய்கள் ஒரு மூலையிலும் இருக்கும். 1965-இல் தொடங்கிய நம் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி உட்படத் தமிழகத்து மருத்துவ மாணவர்கள் பல தலைமுறையாக அப்பாடநூலின் பதிப்புகளைக் கையில் வைத்திருந்தனர். இலக்கிய நடையில் கட்டுரைகளும் எழுதியவர் அவர். மருத்துவத்தின் பழங்கதைகளில் அவருக்குத் தீராத ஆசை.

அவர் மறைந்தது 1974-இல். அதே ஆண்டு செப்டம்பரில் ரெசர்பின் மீது பெரிய பழி ஒன்று வந்து விழுந்தது. அதை உண்ணும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வருவதாக லான்செட் ஏட்டில் ஒரே இதழில் மூன்று நாட்டு ஆய்வுகள் வெளியாயின. பின்னர் நடந்த விரிவான ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் மருந்தின் பெயர் கெட்டது கெட்டதுதான். மனச்சோர்வு உண்டாக்கும் என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அதற்குள் புதிய மருந்துகள் பல வந்துவிட்டன. இன்று ரெசர்பினை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்கள் மிகச் சிலரே. மருந்து வணிகத்துக்காக வேரோடு பிடுங்கப்பட்ட செடியோ காடுகளில் அருகிப்போனது. 1990 முதல் அதன் பன்னாட்டு வணிகமே கட்டுப்பாட்டில் உள்ளது.

சோதனைகளின் முறையும் மாறிவிட்டது. நம் நாட்டில் மருந்துச் சோதனை செய்வோர் அதைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். நோயாளிக்கு அவர் மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும்; வேண்டாமென்று எப்போது வேண்டுமானாலும் விலக அவருக்கு உரிமையுண்டு. வக்கீல் காலத்தில் இவையெல்லாம் மருத்துவரின் மனச்சான்றைப் பொறுத்தவை.

ஒதுக்கப்பட்ட அந்த மருந்துக்கு இன்னும் ஒரு பணி மீதமிருந்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மேல் அழுத்தம் மட்டும் கூடியிருப்பது வயதின் இயல்பு, அதற்கு மருந்து வேண்டாம் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. அமெரிக்காவில் 4736 முதியோரிடம் அதைச் சோதித்தனர். முதலில் சிறுநீர் பெருக்கும் மாத்திரை. அது போதாதவர்களுக்கு அட்டினலால். அதையும் ஏற்க முடியாதவர்களுக்கு ரெசர்பின், ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. 1991-இல் முடிவு வந்தது. மருந்து பெற்ற குழுவில் பக்கவாதம் நூற்றுக்கு 36 பங்கு குறைந்திருந்தது. பரேல் மருத்துவமனையின் டாக்டர் மறைந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.